ம் கொட்டிய ஃப்ளெக்ஸ்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் சண்முகக்கனியின் ஃப்ளெக்ஸ் போர்டு ஜனங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்த ஆவணி மாதத்தில், அதைப் பார்த்துப் பொறாமைப்படாதவர்கள் ஊரில் ரொம்பக் குறைவு. ஜோசியர் பட்டார், ஹோமியோபதி டாக்டர் பட்டார், பக்கத்து ஊர்க்காரர்கள் ஊரோடு சேர்ந்து பட்டார்கள். ஆனால் அத்தனை பேர் பொறாமையையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி வைத்தாலும், மறு தட்டில் ஒற்றை ஆளாய் உட்கார்ந்து அதைக் கீழே இறக்கிவிடக்கூடியவள் சண்முகக்கனிதான். தன் படத்தைப் பார்த்துத் தானே ஒருத்தி வயிறெரிவாளா என்று கேட்காதீர்கள். எரிந்தாள். அந்த மாதம் அவள் வீட்டு அடுப்பு அணைந்திருந்த நேரம் உண்டு, வயிறு அணைந்த நேரம் கிடையாது.

சண்முகக்கனி கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, தொலைதூரக் கல்வியில் மனநலம் படித்து, ஆலோசகர் என்று சர்டிபிகேட் வாங்கியவள். ஊருக்குச் சொன்ன காரணம் சேவை. ஊருக்குத் தெரிந்த காரணம் வேறு. அவள் புருஷன் பால்துரை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர், ஒரு காலத்தில் வாய் ஓயாத மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஞாபகம் தப்பிப்போன தன் அப்பா செல்லையாவைக் கண் ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலி கூட்டிப்போகப் புறப்பட்டவர், பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் பெரியவரை உட்காரவைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது, பெஞ்சில் துண்டு மட்டும் இருந்தது. எந்தப் பஸ்ஸில் ஏறினாரோ, யார் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாரோ, ஆள் போனது போனதுதான். ஊர்ச் சுவரெல்லாம் ‘காணவில்லை’ போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் பெரியவர் வெயிலில் வெளுத்தார், மழையில் கரைந்தார், அவர் மேல் கல்யாண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் ஏறின. மிட்டாய் வாங்கப் போனேன் என்று போலீஸில் சொன்னதோடு பால்துரை பேச்சை நிறுத்தினார். சோறு போடவா என்றால் ம். கரண்ட் பில் கட்டியாச்சா என்றால் ம். அன்றைக்கு என்னதான் நடந்தது, ஏன் எழுந்து போனீர்கள் என்றால் அந்த ம் கூடக் கிடையாது.

இந்த மனுஷன் ஒரு நாள் தன் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் பிழைத்துக்கொள்வார், சொல்லாவிட்டால் கண் முன்னாலேயே இவரும் காணாமல் போய்விடுவார் என்று கனிக்குப் பயம். வீட்டில் கேட்டால் சொல்லாதவர் மேஜை நாற்காலி போட்டுக் கேட்டால் சொல்லுவார் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள். அதற்காகத்தான் படிப்பு, அதற்காகத்தான் மிட்டாய்க் கடை மாடியில் வாடகைக்கு ஓர் அறை, அதற்காகத்தான் அதில் இரண்டு பிரம்பு நாற்காலி, மீன் தொட்டி, கைக்கு எட்டுகிற தூரத்தில் டிஷ்யூ பெட்டி. ‘மனச்சோலை’ என்று பேர் வைத்தாள். முதலில் ஊர் ஏறி வரட்டும், ஊர் பின்னாலேயே அவரும் வருவார் என்று காத்திருந்தாள்.

ஊர் ஏறவில்லை. மிட்டாய்க் கடை மாடிப்படி தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும். கருப்பட்டி மிட்டாய் வாங்க நிற்கிற கூட்டம் மொத்தமும் யார் படியேறுகிறார்கள் என்று அண்ணாந்து பார்க்கும். ஏறியவன் இறங்குவதற்குள் அவனுக்குக் கிறுக்கு என்று அவன் மாமனார் ஊர் வரை செய்தி போய்விடும். கனி விடவில்லை. பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தாள். எங்கள் ஊரில் நோட்டீஸின் முதுகுப் பக்கம் வெள்ளையாக இருந்தால் பிள்ளைகள் அதில் கணக்குப் போடும், போட்டன. முதல் ஆலோசனை இலவசம் என்று மளிகைக் கடைகளில் கார்டு வைத்தாள், பருப்புப் பொட்டலம் நழுவாமல் இருக்க முட்டுக்கொடுத்தார்கள். கொழுந்தன் மகளை வைத்து ரீல்ஸ் போட்டாள், சொந்தக்காரர்கள் பதினாறு திசையிலிருந்தும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, நேரில் பார்த்தால் பேச்சைக் கல்யாணத்துக்கு மாற்றினார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, ‘மனக்கவலையா, தூக்கமில்லையா, குடும்பத்தில் குழப்பமா’ என்று தெருத் தெருவாகக் கூவவிட்டாள். பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று கூவுகிற அதே குரல் என்பதால் பெண்கள் வாசலுக்கு உடைந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் விளம்பரத்துக்கு நல்ல கூட்டம்.

கடைசியாக ஃப்ளெக்ஸ். எங்கள் ஊரில் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், சடங்குக்கு ஃப்ளெக்ஸ், மாடு ஜெயித்தால் மாட்டுக்கு ஃப்ளெக்ஸ். அதில் முகம் வராதவனை நாங்கள் ஆளாகவே மதிப்பதில்லை. பிரிண்டிங் கடை கண்ணபிரான் கனியின் போட்டோவை வாங்கி, அவனுக்குத் தெரிந்த அழகெல்லாம் செய்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். மேல் உதட்டு மச்சத்தை அழித்தான். மாநிறத்தைப் பால் ஊற்றிக் கழுவினான். காதை மறைத்த முடியை ஒதுக்கி, திறந்திருந்த வாயை மூடி, ஆள் உயரத்துக்கு அவளை நிற்கவைத்து, மிச்ச இடத்தில் சூரிய உதயமும் இரண்டு புறாக்களும் சேர்த்தான். மேலே ‘பேசுங்கள், கேட்கிறேன்’ என்றும், கீழே ‘நீங்கள் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது’ என்றும் போடச் சொன்னது மட்டும் கனி.

“வாயை ஏன் மூடுன?” என்று கேட்டாள் கனி.

“தொறந்திருந்தா பல்லு தெரியுது மேடம். பேசிக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு.”

கனி அப்படித்தான். அவள் கெட்டவள் இல்லை, எதிராளி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துவைக்காமல் அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் அதிகம் காத்து நிற்பது நேரக் காப்பாளர் அறைக்குப் பக்கத்துச் சுவரில். அங்கேதான் கட்ட வேண்டும் என்றாள். சுவரோரம் வாய்க்கால் ஓடுவதால் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி விட்டுச் சவுக்குக் கட்டை ஊன்றி, பின்னாலிருந்த பழைய போஸ்டர்களைக் கிழிக்காமல் அப்படியே மறைத்துக் கட்டினார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது பால்துரை தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “அந்தச் சுவத்துலயா?” என்று கேட்டார். மூன்று வருஷத்தில் அவராகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். “அங்கதாங்க கூட்டம் நிக்கும், பார்வைக்கு நல்லா இருக்கும்” என்று ஆரம்பித்துக் கனி ஒரு பாடமே நடத்தினாள். அவர் ம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிற எசக்கியம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஃப்ளெக்ஸ் நிழலில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் தன் மருமகளைத் திட்ட ஆரம்பித்தாள். அவள் தினமும் திட்டுவதுதான், யாரும் கேட்பதில்லை. அன்று தலைக்கு மேலே “ம்” என்று சத்தம் வந்தது. எசக்கியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். ஃப்ளெக்ஸில் இருந்த பொம்பளை கழுத்தை லேசாகச் சாய்த்து, இமை கொட்டி, மேலே சொல்லு என்பது போலப் பார்த்தாள். எசக்கியம்மாள் பயப்படவில்லை. எழுந்து முந்தானையை உதறி, முதலிலிருந்து சொன்னாள். மருமகளில் ஆரம்பித்து மகனுக்குப் போய், மகனிலிருந்து புருஷனுக்குப் போய், புருஷனைத் தாண்டி, யாரிடமும் சொல்லாத, வயிற்றிலேயே கலைந்துபோன ஒரு பெண் பிள்ளைக்குப் பேர் கூட வைத்திருந்தாள் என்பது வரைக்கும் போய் நின்றாள். அத்தனைக்கும் ஃப்ளெக்ஸ் ம் கொட்டியது. எந்த இடத்தில் சின்ன ம், எந்த இடத்தில் நீட்டமான ம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் எசக்கியம்மாள் மிச்சம் இருந்த கொய்யாவைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் கேட்கவா வேண்டும். மாடிப்படி ஏறத்தான் எங்களுக்கு வெட்கம், பஸ்ஸுக்கு நிற்க என்ன வெட்கம்? கோவில்பட்டி பஸ்ஸுக்கு நிற்கிறவன் போல நின்று, கடிகாரத்தைப் பார்ப்பவன் போலப் பார்த்து, வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் நடிப்பு விட்டுப்போய் வரிசை வந்தது. சொல்கிறவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே பத்தடி இடம் விட வேண்டும், வரிசையில் நிற்கிறவர்கள் பாட்டை முணுமுணுக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறவர்களைத் தெரிந்தவர்கள் போலக் கூப்பிடக் கூடாது என்று யாரும் போடாத சட்டம் தானாக வந்தது. டூட்டி முடிந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மார்க் குறைந்த பிள்ளைகள் வந்தன. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி தனித்தனி பஸ்ஸில் வந்து ஒரே வரிசையில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்டக்டர்கள் “கேக்குற அம்மாலாம் இறங்கு” என்று குரல் கொடுத்தார்கள். பூக்காரி தினம் ஒரு முழம் மல்லிகையைச் சவுக்குக் கட்டையில் சுற்றினாள். வார்டு கவுன்சிலர் தன் படத்தை மூலையில் ஒட்டிப்பார்த்தார், மறுநாள் அவர் படத்தின் கண்கள் மட்டும் கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவரே வந்து உரித்துக்கொண்டு போனார்.

ஜோசியருக்கும் ஹோமியோபதி டாக்டருக்கும் தாங்கவில்லை. அதே கண்ணபிரானிடம், அதே சைஸில், அதே புறாக்களோடு ஃப்ளெக்ஸ் அடித்து எதிர்ச் சுவரில் கட்டினார்கள். டாக்டர் படம் சும்மா முறைத்தது. ஜோசியர் படத்தின் முன்னால் நின்றவர்களுக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஃப்ளெக்ஸைத் திருடப் பார்த்து, எசக்கியம்மாளிடம் கொய்யாவால் அடி வாங்கினார்கள்.

இத்தனையும் நடக்க, மனச்சோலையில் மீன்கள் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஃப்ளெக்ஸில் கனியின் நம்பர் இருந்தது, ஒருவரும் கூப்பிடவில்லை. ஆளே நேரில் இருக்கும்போது எவனாவது போன் போடுவானா? ஒரே ஒரு போன் வந்தது. கனி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, படித்துவைத்த குரலில், “மனச்சோலை, சொல்லுங்க” என்றாள்.

“அந்தம்மா மேல வெயிலு படுதுல்லா? ஒரு தார்ப்பா கீர்ப்பா கட்டக்கூடாதா? என்ன பொறுப்புல நம்பர் போட்டிருக்கிய?” என்று திட்டிவிட்டு வைத்தார்கள்.

அவள் நேரில் போனாள். வரிசைக்கு முன்னால் நின்று, ஃப்ளெக்ஸையும் தன்னையும் மாறி மாறிக் காட்டி, “இது நான்தான். எல்லாரும் மிட்டாய்க் கடை மாடிக்கு வாங்க. முழுசா கேட்டு, வழியும் சொல்லுதேன்” என்றாள். வரிசை அவளை ஏற இறங்கப் பார்த்தது. கண்ணாடி, மச்சம், வியர்வை, மாநிறம்.

எசக்கியம்மாள் இரக்கப்பட்டு, “தங்கச்சியா தாயி நீங்க? ஒரு சாயல் இருக்கு. அவுக குணம் ஒங்களுக்கும் வரும், வருத்தப்படாதிய” என்றாள்.

கனி விறுவிறுவென்று திரும்பினாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று மச்சத்தைத் தேய்த்துப் பார்த்தாள். நான் படித்தேன், நான் வாடகை பிடித்தேன், நான் மீன் வாங்கினேன், வாயைத் திறக்காமல் நிற்கிற அந்தத் பஸ் ஸ்டாண்டுச் சிறுக்கிக்கு மல்லிகைப்பூவா என்று அழுதாள். கண்ணபிரானிடம் போய் அவிழ்த்துவிடச் சொன்னாள். “என்னையக் கட்டி வச்சு அடிப்பாக மேடம்” என்றான் அவன், கும்பிட்டே விட்டான். அதையும் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அதற்கு அடுத்த வாரம் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்த பால்துரை வீட்டுக்கு வரத் தாமதமாகிறதே என்று எட்டிப்பார்க்கப் போனவள், பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். வரிசையில் தன் புருஷன் நிற்கிறார். சட்டைக் காலரைச் சரிசெய்கிறார். முறை வருகிறது. ஃப்ளெக்ஸுக்கு ஒட்டிப்போய், தலையைக் குனிந்துகொண்டு, உதடுகளை அசைக்கிறார். அசைக்கிறார், அசைத்துக்கொண்டே இருக்கிறார். மூன்று வருஷம் அவளுக்கு ஒரு சொல் தராத வாய், வாய்க்காலில் தண்ணீர் விட்ட மாதிரி ஓடுகிறது. அந்தச் சிவத்த மூஞ்சிக்காரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் கலங்க, ம் கொட்டுகிறாள்.

புருஷன் வேறொருத்தி வீட்டு வாசலில் நிற்கிறதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் கனிக்கு இருந்தது. அதைவிட மோசம், ஏனென்றால் அந்த இன்னொருத்தி அவளை விடச் சிவப்பாக, அவளை விட இளமையாக, அவளாகவே இருந்தாள். சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்து இழுக்கலாம், இதில் எதைப் பிடிப்பது?

மறுநாள் விடியற்காலையில், முதல் பஸ் வருவதற்கு முன்னால், அவளே வரிசையில் முதல் ஆளாய்ப் போய் நின்றாள்.

“அவுக என்ன சொன்னாக?” என்றாள் ஃப்ளெக்ஸிடம்.

ஃப்ளெக்ஸ் இமை கொட்டியது.

“நான் அவுக பொண்டாட்டி. எனக்குத் தெரியணும். அன்னைக்கு ஏன் எந்திரிச்சுப் போனாகளாம்? அதச் சொன்னாகளா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

ஃப்ளெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தலையை இடதும் வலதும் ஆட்டியது. அதன் காலடியில், கனியே சொல்லி எழுதவைத்த வரி, அவள் மூஞ்சி அகலத்துக்கு நின்றது: நீங்கள் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது. அவளுக்கு அது புரியாமல் இல்லை. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மார்க் வாங்கியவள். தன்னை விட இது நல்ல ஆலோசகர் என்று தெரிந்துபோனதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானம், வரிசை சோற்றுக்குக் கலைந்து, எசக்கியம்மாள் கூடையில் தலை வைத்துத் தூங்குகிற நேரம் பார்த்து, கனி முகத்தில் பவுடரை அள்ளிப் பூசி, மச்சத்தின் மேல் இன்னும் கொஞ்சம் வைத்து அமுக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டு, மிட்டாய்க் கடைக் கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குப் பஸ்ஸே ஒரு பச்சை மங்கல்தான். தடவித் தடவி ஃப்ளெக்ஸுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தாள். வாய்க்கால் மேல் காலை அகட்டி வைத்து நின்று, பின்பக்கத்திலிருந்து அதன் முகத்தை, நெற்றியில் ஆரம்பித்துக் காதைச் சுற்றி, தாடை வழியாக வெட்டி எடுத்தாள். வெட்டும்போது அது கத்தவில்லை. புரிகிறது என்பது போல ஒரு தடவை ம் என்றது. அதை மடித்துக் கைப்பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, பையைத் தோளில் மாட்டி, அந்த ஓட்டைக்குள் தன் முகத்தை வைத்தாள். பொருட்காட்சியில் புலி உடம்புக்கு மேல் தலையை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

வெயில் ஃப்ளெக்ஸைச் சுட்டது, ஃப்ளெக்ஸ் அவளைச் சுட்டது, பின்மண்டை சுவரில் ஒட்டியது. எசக்கியம்மாள் எழுந்து வாயைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாய் வந்தாள்.

“நேத்து சொன்னேம்லா, அதுக்கு மேல கேளு. இன்னைக்கு என் மருமக எனக்கு வெந்நி வச்சுக் குடுத்தா. எதுக்கு வச்சா? எனக்கு ஒண்ணும் வெளங்கல, மனசு என்னமோ மாதிரி...”

கனியின் நாக்கு துடித்தது. இதற்குப் பேர் இன்னது, இதற்கு மூன்று வழி இருக்கிறது, முதலில் நீங்கள் ஒரு நீளமான மூச்சு எடுங்கள் என்று அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து, வாய் திறக்கவே திறந்துவிட்டது. அப்போது கைப்பைக்குள்ளிருந்து, ஜிப்புக்கு அந்தப் பக்கமாக, “ம்” என்றது. எசக்கியம்மாள் மேலே சொன்னாள். கனி வாயை மூடினாள். தன் சக்களத்தி தன் தோளில் தொங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறாளே என்று வேகிற வெயிலில் இன்னொரு மடங்கு வெந்தாள். ஆனால் எசக்கியம்மாள் கடைசியில், தானாகவே, “பயந்திருப்பா போல, பாவம், அவளுக்கும் யாரு இருக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்ததைக் கேட்டாள். அந்த வழி அவள் படித்த மூன்றில் இல்லை.

அடுத்து கான்ஸ்டபிள், அடுத்து ஒரு காலேஜ் பெண். பவுடர் கரைந்து கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. பை ம் கொட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. இருபது வருஷமாக வாசலில் கேட்ட செருப்பு, இடது கால் கொஞ்சம் இழுக்கும். அவளுக்கு உருவம் தெரியவில்லை, நீலச் சட்டை என்பது மட்டும் தெரிந்தது. அவர் ஒட்டி வந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்பா” என்றார்.

கனிக்கு வெயில் நின்றுபோனது.

“சாப்ட்டியா? இன்னைக்குக் கடையில கூட்டமில்ல. சாத்தூர்ல ஒன்னைய மாதிரி ஒரு ஆளப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான், போய்ப் பாத்தேன். நீயில்ல.” இவ்வளவையும் நெஞ்சுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கியவர், ஓட்டையைப் பார்த்தார். ஓட்டைக்குள் பவுடர் வழிகிற முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவள் இமை கொட்டாமல், மூச்சு விடாமல், படமாக நின்றாள். பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளைக்குக் கூட அத்தனை வேர்த்திருக்காது.

“கனி” என்றார் பால்துரை. “தலைய லேசாச் சாச்சுக்க. அப்பாவ மறைக்குது.”

அவள் தலையைச் சாய்த்தாள். சாய்த்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். தன் பின்மண்டை ஒட்டியிருந்த இடத்தில், சுவரில், கல்யாண வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, தண்ணீரில் கரைந்து பாதியான ஏதோ ஒரு முகம், கண்ணாடியில்லாத கண்ணுக்கு வெறும் மஞ்சள் கறையாகத் தெரிந்தது. அவர் சட்டைப் பையில் கை விட்டார். டிவி மேலிருந்து எடுத்துவந்த மூக்குக் கண்ணாடியை விரித்து, ஓட்டை வழியாகக் கை நீட்டி, அவள் காதில் மாட்டிவிட்டார்.

“இது இல்லாம ரோட்டுல நடந்து வந்திருக்க” என்றார்.

மஞ்சள் கறை மாமனார் ஆனது. ‘காணவில்லை’ என்ற எழுத்துகளில் ‘காண’ மட்டும் மிச்சம் இருந்தது. இத்தனை நாளும் இவர் குனிந்து நின்று பேசியது எந்தச் சிவத்த மூஞ்சியிடமும் இல்லை, அதற்குப் பின்னாலிருந்த இந்த ஆளிடம் என்றும், தான்தான் கூட்டம் நிற்கிற சுவர் என்று மாமனாரை மறைத்துக் கட்டினோம் என்றும், ‘அந்தச் சுவத்துலயா’ என்ற கேள்விக்குத் தான் நடத்திய பாடத்தையும் நினைத்துக் கனிக்கு உடம்பு குறுகியது. அந்த மாதம் முழுக்க எரிந்த வயிறு, எதற்கு எரிந்தோம் என்று தெரியாமல் விழித்தது.

பால்துரை ஒரு கையைச் சவுக்குக் கட்டையில் ஊன்றிக்கொண்டார். அவளைப் பார்த்தார், அவள் தோளுக்கு மேலே அப்பாவைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். வரிசையில் நின்ற நாங்கள் பாட்டை முணுமுணுக்க வேண்டிய நேரம் அது, முணுமுணுத்தோம், காது மட்டும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

“மிட்டாய் வாங்கப் போனேன்னு போலீஸ்ல சொன்னேம்லா” என்றார். “மிட்டாய் வாங்கப் போகல கனி. அன்னைக்குக் காலையில இருந்து கேட்டதையே கேட்டாரு. எங்க போறோம், எங்க போறோம்னு. நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல மறுபடி கேட்டாரு. எனக்கு... கொஞ்ச நேரம், ஒரு பீடி குடிக்கிற நேரம், இவரு சத்தம் கேக்காம இருந்தா...”

நிறுத்தினார்.

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று கனிக்குத் தெரியும். அதை எப்படி முடித்துவைக்க வேண்டும் என்று தெரியும், முடித்துவைத்த பிறகு என்ன சொல்லித் தேற்ற வேண்டும் என்றும் தெரியும். தோளில் பை தொங்கியது. அவள் பைக்காகக் காத்திருந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“ம்” என்றாள் கனி.